வெள்ளி நிறத்துக் கொசு

சிவதாணு இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். எத்தனை மணிக்கு என்று கேட்டவர்களுக்கு நீலாம்பாளால் பதில் சொல்ல முடியவில்லை.

அவள் காப்பி கொண்டுபோனபோது அவர் மாடியறையில் முக்காலியில் உட்கார்ந்து, மேஜைமேல் கிடந்த விமானத்தின் இறக்கையில் கன்னத்தை வைத்திருந்தார். அது அவருடைய வழக்கம்தான். இறக்கை எங்கேயாவது முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க, மரத்தோடு கன்னத்தை ஒட்டிவைத்து ஒற்றைக் கண்ணால் நீளவாட்டில் நோட்டம் விடுவார். அந்த நேரத்தில் யாரும் பேச்சுக் கொடுத்தால் பிடிக்காது. அவள் டம்ளரைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். தேங்காய் துருவினாள். பருப்பை இறக்கிவைத்தாள். துணிகளைப் பிழிந்து கொல்லையில் காயப்போட்டாள். காலி டம்ளரை எடுக்கலாமென்று மறுபடி மேலே போனபோது காப்பி ஆடை படிந்து அப்படியே இருந்தது. அவரும் அப்படியே இருந்தார்.

மாரடைப்பு என்றார் டாக்டர். முதல்முறை மாடிக்குப் போனபோதே உயிர் போயிருந்ததா, இல்லை அதற்குப் பிறகா என்று நீலாம்பாளுக்குத் தெரியாது. அதைப் பற்றி யோசிக்க உட்கார்ந்தால் யோசனை பாதியில் நின்றுவிடும். பல்லைப் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையது இல்லாத மாதிரி இருக்குமே, அதுபோல நெஞ்சுக்குள் ஒரு இடம் மரத்துக்கிடந்தது. தொட்டால் தொடுவது தெரிந்தது. வலி மட்டும் இல்லை.

புனேயில் இருந்த மகள் ஆர்யாவுக்கும், மஸ்கட்டில் இருந்த கொழுந்தனுக்கும், நாகர்கோவிலில் இருந்த சொந்தங்களுக்கும் அவளே போன் போட்டுச் சொன்னாள். இருபத்தைந்து வருஷமாகத் தொலைபேசி நிலையத்தில் வேலை செய்கிற குரல். திருத்தமாக, அவசரப்படாமல், எதிரே இருப்பவருக்கு ஒரு சொல்கூடத் தப்பிப்போகாதபடி சொன்னாள். "கல்லு மாதிரி சொன்னா" என்று சொந்தக்காரர்கள் பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

நீலாம்பாள் வடிவீசுவரத்துப் பெண். எழுபதுகளில் வேலை கிடைத்துத் திருவனந்தபுரம் வந்தாள். அப்போது டிரங்க் போர்டு இருந்த காலம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, துளை துளையாக இருக்கும் பலகையில் கயிறுகளைச் செருகிச் செருகி ஊரையும் ஊரையும் இணைப்பாள். எஸ்.டி.டி. வந்து கயிறுகள் எல்லாம் போனபிறகு, பழுது பதிவுசெய்யும் பிரிவுக்கு மாற்றினார்கள். சிவதாணு சாலைக் கடைத்தெருவில் பம்புசெட் கடையில் கணக்குப் பார்த்தார். ஸ்ரீவராகத்தில் அவருடைய அப்பா வாங்கிப்போட்ட குறுகலான மாடிவீடு. ஒரே பெண், படித்து, வேலை பார்த்து, கல்யாணமும் ஆகிப் போய்விட்டாள். சண்டையில்லாத குடும்பம். அதிகம் பேச்சும் இல்லாத குடும்பம் என்றுதான் நீலாம்பாள் நினைத்திருந்தாள்.

சிவதாணுவுக்கு இருந்த ஒரே கிறுக்கு விமானம். ரேடியோவில் ஓட்டுகிற சின்ன விமானங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் போன்ற ஏழெட்டுப் பேர் புஞ்சக்கரி வயல்பக்கம் கூடிப் பறக்கவிடுவார்கள். பறப்பது பாதி, விழுவது பாதி. விழுந்ததைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வருவார், மறுபடி ஒட்டுவார். கடைசியாகத் தம்பி மஸ்கட்டிலிருந்து அனுப்பியது பெரிது. இரண்டு எஞ்சின். இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டுபோட்ட மர விமானம் ஒன்றின் மாதிரி. இறக்கையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அளந்தால் நெட்டையான ஆளைவிட நீளம்.

பதினாறு கழிந்து நீலாம்பாள் வேலைக்குப் போனாள். மேற்பார்வையாளர் சுசீலாபாய் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நீலாம்பா, கொறச்சு நாள்கூட லீவு எடுக்கப்படாதா? நீ இல்லேன்னா இங்க ஒண்ணும் மறிஞ்சு விழுந்திராது."

"வீட்டுல இருந்து என்ன செய்ய?"

"அழு. வேற என்ன செய்யது."

நீலாம்பாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். எங்கள் போன் டெட் ஆகிவிட்டது என்று பேட்டையிலிருந்தும் கரமனையிலிருந்தும் ஆட்கள் மலையாளத்தில் புகார் சொன்னார்கள். நம்பரைக் கேட்டாள், எழுதினாள், நாளைக்குள் ஆள் வரும் என்றாள். நாள் முழுவதும் எத்தனை பேர் டெட் என்ற அந்த வார்த்தையைச் சொன்னாலும் அது அவளை ஒன்றும் செய்யவில்லை.

மாடியறைக் கதவு சாத்தியே கிடந்தது. ஆர்யா போனில் சொன்னாள்: "அம்மா, அந்த பிளேன மைதீன் மாமாட்ட குடுத்துரு, கேட்டோ. அது அங்க கிடந்தா உனக்குச் சங்கடம் கூடத்தான் செய்யும்."

சங்கடம் என்று ஒன்று இருந்தால்தானே கூடும். ஆனாலும் சரி என்றாள். இப்போதெல்லாம் யார் எது சொன்னாலும் சரி என்பதுதான் அவளுக்குச் சுலபமாக இருந்தது.

மைதீன் தேங்காப்பட்டணத்துக்காரர். தம்பானூரில் மிக்சி, அயர்ன்பாக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருந்தார். சிவதாணுவைவிடப் பத்து வயது இளையவர். பறக்கவிடும் கூட்டத்தில் அவருக்கு நெருக்கமான ஆள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். விமானத்தின் உடல் சிரமமில்லாமல் கீழே வந்துவிட்டது. இறக்கைதான் வரவில்லை. அந்த வீட்டு மாடிப்படி மரப்படி. ஆள் போகும் அகலம்தான், நடுவில் ஒரு திருப்பம் வேறு. சிவதாணு இடது வலது இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டி முடித்திருந்தார். எஞ்சின் வைக்கும் கூடுகள் இரண்டும் அதில் துருத்திக்கொண்டு நின்றன. சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். சுவரில் காரை உதிர்ந்ததுதான் மிச்சம்.

"அக்கா, திருப்பத்துல மாட்டுது. எறங்க மாட்டேங்குது" என்றார் மைதீன் மேலேயிருந்து.

"நடுவுல அறுத்துட்டா தீந்தது. பின்னால ஒட்டிக்கிடலாமே" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

மைதீன் பையிலிருந்து ரம்பத்தை எடுத்தார். உடனே அறுக்கவில்லை. "அண்ணாச்சி இத எப்பிடி எறக்கணும்னு வச்சிருந்தாரோ, படச்சவனுக்குத்தான் வெளிச்சம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"ஜன்னல் வழியா" என்றாள் நீலாம்பாள்.

படியின் கீழே நின்று சொன்ன அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளே ஒரு கணம் யோசித்தாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"தெருவப் பாத்த ஜன்னல் சட்டத்த ஆசாரிய விட்டுக் கழத்திட்டு, ரெண்டு வேட்டிய முடிஞ்சு தொட்டில் மாதிரி கெட்டி, மெதுவா எறக்கணும்னு சொல்லிட்டிருந்தாவ."

எப்போது சொன்னார்? சாப்பிடும்போது சொல்லியிருப்பார். சிவதாணு ராத்திரிச் சாப்பாட்டில் விமானத்தைப் பற்றித்தான் பேசுவார். அவள் அப்பளம் வைப்பாள், ரசம் ஊற்றுவாள், இடையிடையே 'ம்' என்பாள். பகல் முழுக்க அடுத்தவர்கள் பேச்சைக் கேட்டு அலுத்த காது அது. வீட்டில் ஒன்றையும் வாங்கிக்கொள்வதில்லை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

"அப்பம் ஆசாரியக் கூட்டிட்டு வரட்டா?" என்றார் மைதீன்.

"இப்ப வேண்டாம். முடிஞ்ச பொறவு எறக்கலாம்."

"ஆரு முடிக்கது?"

"ஞாயித்துக்கெழம நீங்க வந்து சொல்லுங்க. நான் செய்யுதேன்."

காய்ச்சலில் பினாத்துகிற ஆளைப் பார்ப்பதுபோல மைதீன் அவளைப் பார்த்தார். பிறகு ரம்பத்தைப் பையில் போட்டார். உடலைத் திரும்ப மேலே தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிற்பாடும் அவளுக்குத் தெரியவில்லை. ஆசை என்று சொல்ல முடியாது. கணவர் நினைவாக என்று மற்றவர்கள் சொன்னார்கள், அதுவும் இல்லை. ரம்பம் என்றதும் வேண்டாம் என்று வந்தது, அவ்வளவுதான்.

மாடியறையில் எல்லாம் விட்ட இடத்தில் கிடந்தன. கடைசியாகக் கலக்கிய பசை ஒரு பாட்டில் மூடியில் கல்லாக இறுகி, அதில் ஒரு தீக்குச்சி நட்டுக்கொண்டு நின்றது. நீலாம்பாள் அதை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். முக்காலியைத் துடைத்தாள். ஜன்னலைத் திறந்தாள்.

மைதீன் ஒவ்வொரு வாரமும் வந்து, அடுத்த வாரத்துக்குள் என்ன செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டு அவள் மேலே ஏறுவாள். முதலில் வால்பக்கம். அசையும் பலகைகளைச் சின்னச் சின்னக் கீல்களால் இணைக்கவேண்டும். இரண்டு குழாய்ப் பசையைச் சரிசமமாகக் கலந்து, பல்குத்தும் குச்சியால் துளைக்குள் விட்டு, கீலைச் செருக வேண்டும். கொஞ்சம் அதிகமானால் கீலே ஒட்டி அசையாமல் போய்விடும். டிரங்க் போர்டில் கயிறு செருகிய விரல்களுக்கு அது பழகிவிட்டது. ஒரு பலகையை மட்டும் கெடுத்தாள். மைதீன் அதைப் பிளேடால் பெயர்த்துக் கொடுத்தார், மறுபடி ஒட்டினாள்.

அதன்பின் எஞ்சின்கள். ஒவ்வொன்றும் ஒரு எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது, கையில் எடுத்தால் நல்ல கனம். இறக்கைக் கூட்டில் நான்கு போல்ட் வைத்து முடுக்கி, பின்னால் எண்ணெய் டப்பாவைச் செருகி, குழாய் மாட்டி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்பியை உள்ளே இருக்கும் குட்டி மோட்டாரோடு பூட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு மயிரிழை பிசகக்கூடாது.

"இதான் அக்கா இதுல ஆபத்து" என்றார் மைதீன். "ஒத்த எஞ்சின்னா நின்னு போனா பரவாயில்ல, மெதக்கவிட்டு எறக்கிருவோம். இதுல ஒண்ணு நின்னா மத்தது சும்மா இருக்காது. அது முழு வேகத்துல ஓடி, செத்த பக்கமா திருப்பி, தலகீழா கவுத்து விட்டுரும். கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள."

"அப்பம் மத்ததையும் கொறைக்கணும்."

"கொறைக்கணும். ஆனா அந்த நேரத்துல மனசு வராது. கூட்டத்தான் தோணும்."

அவள் 'ம்' என்றாள். சிவதாணுவுக்குச் சொன்ன அதே 'ம்'. இந்த முறை அவளுக்கே அது கேட்டது.

பக்கத்துவீட்டில் பேச்சு கிளம்பியது. மாடியில் ராக்கெட் செய்கிறாள் என்றார்கள். ராக்கெட் ஏவுதளம் இருக்கிற இந்த ஊரில் அது அப்படியொன்றும் நம்பமுடியாத சங்கதியும் இல்லை. அலுவலகத்தில் சுசீலாபாய் விமானத்தின் பெயரைக் கேட்டாள்.

"மஸ்கிட்டோ."

"கொசுவா? இந்த ஊர்ல இல்லாத கொசுவா, நீ ஒண்ணு தனியா செய்யப் போறே?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நீலாம்பாளும் உதட்டை விரித்தாள். சிரிப்பு எப்படி வரும் என்பது வாய்க்கு நினைவிருந்தது.

பூஜை விடுமுறைக்கு ஆர்யா வந்தாள். வந்த அன்றைக்கே மாடிக்குப் போய்விட்டுத் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"என்னம்மா இது? மைதீன் மாமாட்ட குடுத்துட்டேன்னு நான் நெனச்சேன்."

"முடிஞ்ச பொறவு கொண்டுபோவாரு."

"அப்பா போயி ஒரு வருஷம்கூட ஆகல்ல. நீ உக்காந்து யுத்த விமானம் செஞ்சிட்டிருக்கே. ஆபீசுக்குப் போறே, வாறே, பசை ஒட்டுறே. நீ ஒருதடவகூட அழுது நான் பாக்கல, அம்மா. ஒருதடவ!"

"வரல மக்ளே" என்றாள் நீலாம்பாள். "வந்தா அழமாட்டேனா?"

ஆர்யா அன்று முழுவதும் அம்மாவோடு பேசவில்லை. மறுநாள் சாயங்காலம் மாடியிலிருந்து நீலாம்பாள் கூப்பிட்டாள். எடைப் பொருத்தம் பார்க்க இரண்டு பேர் வேண்டும். இறக்கையை உடலோடு பூட்டி, அடிப்பக்கம் பென்சிலால் குறித்த இடத்தில் ஆளுக்கு இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலை மட்டும் வைத்து இருபுறமும் தூக்க வேண்டும். விமானம் மட்டமாக நிற்கவேண்டும்.

அம்மா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். தூக்கினார்கள். வால் மெல்லத் தாழ்ந்தது.

"பின்பக்கம் கனம்" என்றாள் ஆர்யா.

"மூக்குல ஈயம் போடணும்."

மைதீன் பூந்துறையிலிருந்து வலைக்குக் கட்டும் ஈயமணிகளை வாங்கிவந்து கொடுத்திருந்தார். நீலாம்பாள் ஒவ்வொன்றாக மூக்குக்குள் போட, ஆர்யா தாங்கிப் பிடித்தாள். போட்டுத் தூக்கி, போட்டுத் தூக்கி, கடைசியில் இரண்டு பேருடைய நான்கு விரல்களின்மேல் அது அசையாமல் நின்றது. இருவரும் உடனே கீழே இறக்கவில்லை.

"அப்பா இருந்தா இது பறந்திருக்குமா, அம்மா?"

"பறந்திருக்கும். விழவும் செஞ்சிருக்கும்."

ஆர்யா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண் நிறைந்து வழிந்தது. கையை எடுத்துத் துடைக்க முடியவில்லை. எடுத்தால் விமானம் சரிந்துவிடும். நீலாம்பாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீரில் ஆழத்தில் கிடக்கும் பொருளைக் கரையிலிருந்து பார்ப்பதுபோல, மகளுடைய துக்கம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கைநீட்டி எடுக்கத்தான் எட்டவில்லை.

பெயிண்ட் வேலை கார்த்திகைக்குப் பிறகு. வாசல் கேட்டுக்கு அடிக்கிற வெள்ளி நிறம். அதன்மேல் எண்ணெய் பட்டால் கரையாதபடி தெளிவான பூச்சு ஒன்று. இறக்கையில் ஒட்டுவதற்கு மைதீன் வெள்ளைக்காரர்கள் விமானப்படையின் வட்டச் சின்னங்கள் கொண்டுவந்தார். நீலம், வெள்ளை, நடுவில் சிவப்பு.

"இது வேண்டாம்" என்றாள் நீலாம்பாள். "பர்மாப் பக்கம் பறந்ததுல செவப்பு கெடையாது. செவப்பு வட்டத்தப் பாத்தா ஜப்பான்காரன்னு நெனச்சு சொந்த ஆளே சுட்டுருவான்னு அழிச்சுட்டாவ. ரெண்டு நீலந்தான். ஒண்ணு கடுப்பம், ஒண்ணு இளசு."

மைதீன் சின்னங்களைத் திரும்பப் பையில் போட்டார். "அண்ணாச்சி சொன்னதா?"

"மரத்துல செஞ்சதுனால அங்க உள்ள மழையிலயும் சூட்டுலயும் பசை விட்டு, ஆகாசத்துலயே பிரிஞ்சு போச்சாம். அதனாலதான் நல்ல பசையா வாங்கணும்னு சொல்லிட்டே இருப்பாவ."

அவள் சொல்லச் சொல்ல, இன்னும் வந்துகொண்டே இருந்தது. யார் யாரெல்லாமோ ஓட்டியது, எந்த ஆற்றுப் பாலத்தை உடைத்தது, எஞ்சின் எந்த ஊரில் செய்தது. எத்தனையோ வருஷத்து ராத்திரிச் சாப்பாடுகள். நிறுத்திக்கொண்டு தூரிகையைக் கையில் எடுத்தாள்.

எஞ்சினை முதலில் ஓடவிட்டது கொல்லையில், இறக்கையிலிருந்து கழற்றி, ஒரு பலகையில் பூட்டிவைத்து. மைதீன் ரப்பர் சுற்றிய குச்சியால் விசிறியைத் தட்டினார். இரண்டு தடவை இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டு அலறியது. அக்கம்பக்கத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பின. புகை வந்தது, எரிந்த ஆமணக்கெண்ணெயின் இனிப்பும் கசப்புமான வாடை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் சிவதாணுவின் சட்டையில் வரும் வாடை. சோப்பு எத்தனை போட்டாலும் போகவில்லை என்று அவள் முணுமுணுத்தபடி துவைத்த வாடை. நீலாம்பாள் நகராமல் நின்று அதை முகர்ந்தாள். ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தாள். கண்ணில் புகை பட்டு எரிந்தது, அது புகையினால்தான்.

மாசி மாதம் புஞ்சக்கரி வயல் அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்தது. ஆசாரி வந்து ஜன்னல் சட்டத்தைக் கழற்றினார். சிவதாணுவின் இரண்டு எட்டுமுழ வேட்டிகளை முடிந்து, இறக்கையைத் தொட்டில்போலக் கட்டி, மேலேயிருந்து மைதீனும் ஆசாரியும் கயிற்றை விட, தெருவில் நான்கு பேர் கை நீட்டி நின்றார்கள். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, "அம்பலத்து உற்சவத்துக்கா?" என்று கேட்டார். வெயில் பட்டு இறக்கை பளபளவென்று மின்னியது. கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த ஒருவர் அனிச்சையாகக் கையைக் கூப்பிவிட்டு, பிறகு அது என்ன என்று கேட்டார்.

குட்டி டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நீலாம்பாள் முதல்முறையாக அந்த வயலைப் பார்த்தாள். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அவர் போய்வந்த இடம். கொக்குகள், தூரத்தில் தென்னை, நடுவில் வெட்டிச் சமப்படுத்திய ஒரு நீளப் பாதை. வேறொன்றும் இல்லை.

எஞ்சின்கள் இரண்டையும் ஓடவிட்டு, மைதீன் திருகைத் திருப்பித் திருப்பிச் சேர்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று மோதி, ஊம் ஊம் என்று ஏறி இறங்கும்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் நீலாம்பாள். "இன்னும். ஆ, இப்ப ஒண்ணாச்சு."

"வாலப் பிடிச்சுக்கிடுங்க அக்கா. நான் கை காட்டினா விட்டுருங்க."

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முட்டுக்குத்தி, வாலை இரண்டு கையாலும் பிடித்தாள். அது முன்னே போக இழுத்தது. அதிர்வு உள்ளங்கை வழியாக முழங்கை, தோள், பல்வரை ஏறியது. மைதீன் கை காட்டினார். விட்டாள். விட்டபிறகும் கைகள் வெகுநேரம் அதிர்ந்துகொண்டே இருந்தன.

விமானம் பாதையில் ஓடி, ஒருதடவை துள்ளி, எழும்பியது. ஆட்கள் கைதட்டினார்கள். தென்னைகளுக்கு மேலே போய்த் திரும்பியபோது வெள்ளி முதுகு தெரிந்தது. பெரிய சுற்று ஒன்று, இன்னொன்று. இரண்டு எஞ்சினும் ஒரே குரலில் பாடிக்கொண்டு தலைக்கு மேலே கடந்தன. நீலாம்பாள் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க நின்றாள். அவருக்கு இதைக் காட்ட முடியவில்லையே என்றெல்லாம் தோன்றவில்லை. நன்றாகத்தான் போகிறது என்று மட்டும் நினைத்தாள்.

அப்போது குரல் பிரிந்தது.

"மைதீன், ஒண்ணு போகுது."

"கேட்டேன், கேட்டேன்." வலது எஞ்சின் திக்கியது, நின்றது. விமானம் அந்தப் பக்கமாகச் சரியத் தொடங்கியது. மைதீனின் விரல் ரேடியோப் பெட்டியில் வேகத்தைக் கூட்டப் போவதை அவள் கண்டாள்.

"கொறைங்க. மத்ததையும் கொறைங்க!" அவள் கத்தினாள். சிவதாணு போனபிறகு அவள் கத்தியது அதுதான் முதல்தடவை.

மைதீன் குறைத்தார். சத்தம் அடங்கி, விமானம் நிமிர்ந்து, காற்றில் வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் உயரம் இருந்திருந்தால் பாதையைப் பிடித்திருக்கும். பிடிக்கவில்லை. வரப்பில் மூக்கு இடித்து, ஒரு சுற்றுச் சுற்றி, வாய்க்கால் சேற்றில் போய் விழுந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். மூக்கு நொறுங்கியிருந்தது. ஒரு எஞ்சின் கூட்டோடு பெயர்ந்து தனியாகக் கிடந்தது. இறக்கை இரண்டாகியிருந்தது. ஈயமணிகள் சேற்றில் சிதறிக்கிடந்தன. மைதீன் வரப்பில் உட்கார்ந்தார். ரேடியோப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, என்ன விட்டுட்டுப் போயிட்டீரே" என்று குழந்தைபோலக் குமுறி அழுதார். மற்றவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தென்னையைப் பார்த்தார்கள். நீலாம்பாள் அவரைக் கொஞ்சம் பொறாமையோடு பார்த்தாள். பிறகு வாய்க்காலில் இறங்கி, உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவிச் சாக்கில் போட்டாள். போட்டுவிட்டு வந்து, தண்ணீர்ப் பாட்டிலை மைதீனிடம் நீட்டினாள்.

"குடிங்க."

அவர் குடித்தார். மூக்கைச் சிந்தினார்.

"எனக்குப் பசிக்கி" என்றாள் நீலாம்பாள்.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கே விசித்திரமாகத்தான் இருந்தது. இத்தனை மாதம் வேறு யாருக்கோ ஊட்டுவதுபோலத்தான் தன் வாயில் சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது வயிறு நிஜமாகவே காந்தியது.

பண்டாரவிளைப் பக்கம் போகிற வழியில் ஓலை போட்ட சாயாக்கடை ஒன்று இருந்தது. புட்டும் பயறும் பப்படமும் இருந்தன. பப்படத்தை நொறுக்கிப் பிசைந்து அவள் சாப்பிட்டாள். இன்னொரு குற்றிப் புட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கால்முட்டில் சேறு காய்ந்து விரிந்திருந்தது. எதிரே கண் சிவக்க உட்கார்ந்திருந்த மைதீன் சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"இனி இத என்ன செய்யட்டும் அக்கா?"

"ஒட்டணும். வீட்டுல பசை தீந்துட்டு. ஞாயித்துக்கெழம வரும்போ வாங்கிட்டு வாங்க."

சாயங்காலம் ஆர்யா கூப்பிட்டாள். "பறந்ததா, அம்மா?"

"பறந்துது. ரெண்டு சுத்து. பொறவு விழுந்துட்டு."

"அய்யோ."

"எறக்க ஒடஞ்சு போச்சு. மைதீன் ஒரே அழுக."

"நீ?"

"நான் புட்டு தின்னேன்."

அந்தப் பக்கத்திலிருந்து ஆர்யா, "எத்தன குற்றி?" என்று கேட்டாள்.

"ரெண்டு. பயறு நல்லா வெந்திருந்தது. தேங்காதான் கொஞ்சம் கம்மி."

ஆர்யா போனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீலாம்பாள் ரிசீவரைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு, மகள் அழுது முடிக்கும்வரை லைனிலேயே இருந்தாள்.